சேவல் ஊசிக்கு வராது

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மரபணு மாற்றிய செடியில் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிப்பது வரமே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி ஒரு குண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பன்றி மருந்துக்காக முந்தின வருஷம் போட்ட மக்காச்சோளம் சோயா வயலில் தானாய் முளைத்ததாம். “நாளைக்கு உங்கள் உப்புமாவிலும் பன்றி ஊசி” என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். சம்பவம் உண்மை, கம்பெனிக்கு அபராதமும் உண்மை. ஆனால் தம்பி, அது திறந்த வயல். 2006-இல் அமெரிக்க அரசு அனுமதித்த கோழித் தடுப்பு மருந்து, மூடிய தொட்டிக்குள் வளர்த்த புகையிலைச் செல்லில் தயாரானது. புகையிலையில் உப்புமா கிண்டுகிறவர் உங்கள் வீட்டில் உண்டா? ‘அந்த மருந்து கடைக்கே வரவில்லையே’ என்பார் தம்பி. நேரமில்லை நடுவரே, கோழிக்கு வருகிறேன்.

அந்தக் கோழி மருந்து தடுக்கும் நோய் நமக்குப் பழக்கமானதுதான். வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்வோம். எங்கள் சித்தி ஊரில் ஊசி முகாம் என்றால் திருவிழா. டாக்டர் ஐஸ் பெட்டியோடு பத்து மணிக்கு வருவார். கோழிகள் விடியும்போதே மேயப் போயிருக்கும். மிஞ்சியது ஒரு சேவல். சித்தி அரிசியை இறைத்து “பா… பா…” என்கிறாள். அது அரிசியைப் பார்த்தது, டாக்டரைப் பார்த்தது, கூரைக்குப் போய்விட்டது. சித்தப்பா ஏணி வைத்தார். அது முருங்கைக்குத் தாவியது. இவரும் தாவினார். முருங்கைக்கிளை சேவலைத் தாங்கும், சித்தப்பாவைத் தாங்குமா? நேரே எருக்குழி! டாக்டர் பதறிப்போய் ஊசியும் கையுமாக ஓடிவர, குழிக்குள்ளிருந்து குரல்: “எனக்கு வேண்டாம் சார், கோழிக்குப் போடுங்க!”

மெக்சிகோவில் இதே கிருமியின் புரதத்தை மக்காச்சோளத்தில் விளைவித்து, கோழிகளுக்குத் தீனியாகவே போட்டுப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு வந்தது. ஏணியும் வேண்டாம், எருக்குழியும் வேண்டாம்.

சரி, சிரித்தோம். அந்தச் சேவலுக்குக் கடைசிவரை ஊசி போடவில்லை. அந்தக் கோடையில் ஒவ்வொன்றாய்க் கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, ஒரு வாரத்துக்குள் கூடு காலி. என் பரீட்சைக் கட்டணம் அந்த முட்டைக் காசுதான். சித்தி காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினாள். தோடு மூழ்கியே போனது. எனக்குச் சொல்லவே இல்லை. தம்பி, அவளிடம் போய் ‘செடி மருந்து வில்லங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.