காதுல அடிச்சுக்கிட்ட பையன், கையில அடிச்ச டீச்சர்

கோடை பண்பலை நேயர்களுக்கு வணக்கம்ங்க. பூண்டு தரம் பிரிச்சுக்கிட்டு, உலை வச்சுட்டு, கடையில கல்லாவுல உக்காந்துக்கிட்டுன்னு ஆளுக்கொரு வேலையா கேட்டுட்டு இருப்பீங்க, அப்படியே கேளுங்க, ரேடியோவோட வசதியே அதுதானே. நான் ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் டீச்சர், இந்தக் கொடைக்கானல் மலையிலதான் 16 வருசமா. ஆட்டிசம் பத்திப் பொதுவா பேசுங்கன்னுதான் கூப்பிட்டாங்க, நான்தான் அடி பத்திப் பேசறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

சில பிள்ளைங்க தன்னைத்தானே காயப்படுத்திக்கும். செவுத்துல தலைய மோதும், ரத்தம் வர்ற வரைக்கும் கைய கடிக்கும், கண்ணுல குத்திக்கும். பாக்கற நமக்கு வயித்தப் பெசையும். அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, அடியாத மாடு படியாது, ரெண்டு போட்டா தானா நிப்பாட்டுவான்னு. சூடு போட்ட தழும்பு பாத்திருக்கேன், மிளகாய்ப் புகை காட்டுன கதை கேட்டிருக்கேன். செஞ்சவங்க யாரும் கல்நெஞ்சுக்காரங்க இல்லைங்க, செஞ்சுட்டு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதவங்கதான்.

நானும் அடிச்சிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. பூம்பாறைப் பக்கமிருந்து ஒரு பையன், 7 வயசு, பேச்சு வராது. வலது காதுல உள்ளங்கையால பளார் பளார்னு அடிச்சுக்குவான், காது மடல் எப்பவும் பீட்ரூட் மாதிரி செவந்து கெடக்கும். அங்க இருந்த சீனியர் ஒருத்தங்க, அவன் அடிச்சுக்கறப்பல்லாம் கையில ஸ்கேலால ஒண்ணு வையி, ஒரு தடவகூட விட்றாத, எண்ணி எழுதுன்னாங்க. எனக்கு கண்ணாடி வளையல் போடற பழக்கம், ஸ்கேல ஓங்கினாலே கலகலன்னு சத்தம் வரும். பத்தே நாள்ல நின்னுபோச்சு. நோட்டுல முதல் நாள் 40, கடைசி நாள் சைபர். மீட்டிங்ல எல்லாரும் கை தட்டுனாங்க, எனக்கு அவ்ளோ பெருமை.

அவங்கம்மா மட்டும் கை தட்டல. மாசம் ஒருக்க அவனக் கூட்டிட்டு வத்தலக்குண்டு வழியா திண்டுக்கல் போவாங்க, "பஸ்ல அடிச்சுக்கறான் டீச்சர், முன்னவிட ஜாஸ்தியா"ன்னாங்க. எத்தன தடவன்னு எண்ணிச் சொல்லுங்கக்கான்னு சொல்லிட்டேன், அவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு கூட எனக்குத் தோணல பாருங்க. அவங்க என்ன பண்ணாங்கன்னா, பஸ் டிக்கெட்டு பின்பக்கம் ஒவ்வொரு அடிக்கும் பேனாவால ஒரு கோடு போட்டிருக்காங்க. நாலு மாசம் கழிச்சு சுருக்குப் பையில இருந்து எடுத்து டேபிள் மேல பரப்புனாங்க. கீழ போற டிக்கெட்டுல கோடு போட எடமில்ல. மேல வர்ற டிக்கெட்டுல ரெண்டு கோடு, மூணு கோடு.

மலைக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா என்ன, டம்டம் பாறை தாண்டி இறங்க இறங்க காது அடைக்கும்ல. வெளிய காத்தழுத்தம் கூடும், காதுக்கு உள்ள கூடாது, செவிப்பறை உள்பக்கமா இழுக்கும், நாம எச்சி முழுங்கி சரி பண்ணிக்கறோம், சளி கட்டின பிள்ளைக்கு காதுல இருந்து மூக்குக்குப் பின்னாடி போற சின்னக் குழாய் திறக்காது, உயிர் போற வலி. காது டாக்டர்கிட்ட காட்டினா நடுக்காதுல சீழ். எத்தன மாசமா இருந்துச்சோ.

அப்ப கிளாஸ்ல நான் நிப்பாட்டினது எத? காது வலிக்குதுன்னு சொல்ல அவங்கிட்ட இருந்தது அந்த உள்ளங்கை ஒண்ணுதான், அத எங்கிட்ட சொல்லாதன்னு ஸ்கேல வச்சு பத்து நாள் பாடம் நடத்திருக்கேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாதும்பாங்க, சரிதான், ஆனா பூனைக்குப் பசி அடங்கிருச்சான்னு யாரும் கேக்கறதில்ல.

இது ஏதோ படிக்காத சனங்க பண்றதுன்னு நெனச்சிராதீங்க. அமெரிக்காவுல லோவாஸ்னு பெரிய சைக்காலஜிஸ்ட், 1960கள்லயே ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு கரண்ட் ஷாக் குடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காரு. மாசசூசெட்ஸ்ல ஜட்ஜ் ரோட்டன்பர்க் சென்டர்னு இந்த மாதிரிப் பிள்ளைங்க தங்கிப் படிக்கற ஒரு எடம், அங்க பிள்ளைங்க தோள்ல மாட்டுன பையில பேட்டரி, கைகால் தோல்ல கம்பி, ரிமோட்டு ஸ்டாஃப் கையில. முதல்ல வச்ச மெஷின் சில பிள்ளைங்களுக்கு பழகி மரத்துப்போக, அதவிட வலிக்கற மாதிரி இன்னொண்ணு செஞ்சாங்க. தன்னைக் காயப்படுத்திக்கறத நிப்பாட்டத்தான்னு ஆரம்பிச்சது, 2002ல ஒரு பையன் போட்டிருந்த கோட்ட கழட்ட மாட்டேன்னதுக்கு ஷாக், அப்புறம் கட்டிப் போட்டு அன்னிக்கு மட்டும் 31 தடவன்னு போயிருக்கு. 2007ல ஒரு ராத்திரி, மேலிடத்துல இருந்து பேசறேன்னு எவனோ பொய்யா போன் பண்ண, தூங்கிட்டிருந்த பசங்கள எழுப்பி ஒருத்தனுக்கு 77, இன்னொருத்தனுக்கு 29. போன்ல சொன்னாங்கன்னு செஞ்ச அந்த ஸ்டாஃப நான் அவ்ளோ சுலபமா திட்ட மாட்டேன். எனக்கும் ஒருத்தங்க சொன்னாங்க, நானும் எண்ணி எழுதுனேன்.

2013ல சித்திரவதை பத்தி விசாரிச்சு அறிக்கை குடுக்கற ஐநா சிறப்பு அறிக்கையாளர் இத கண்டிச்சாரு. 2020ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற எஃப்டிஏ இந்த மெஷினத் தடை பண்ணுச்சு, 2021ல கோர்ட்டு அந்தத் தடைய ரத்து பண்ணுச்சு, 2022 கடைசில அங்கத்த பார்லிமென்ட் எஃப்டிஏ அப்படித் தடை பண்ணலாம்னு சட்டத்த மாத்துச்சு, 2024ல எஃப்டிஏ மறுபடியும் தடைக்கு முன்மொழிஞ்சுது. தடை வேணாம்னு கோர்ட்டுக்குப் போனதுல அந்த சென்டர் மட்டும் இல்ல, பெத்தவங்களும் இருக்காங்க. அவங்க சொல்றத காது குடுத்துக் கேக்கணும்ங்க. தலைய மோதி மோதி கண் விழித்திரை கழண்டு பார்வை போற பிள்ளைங்க நெஜமாவே இருக்கு, மாத்திரை குடுத்தா நாள் பூரா தூங்குது, ரெண்டு நொடி ஷாக்குல நிக்குதுன்னா அது பெரிய வலியா கண்ணு போறது பெரிய வலியான்னு கேக்கறாங்க. நான் அந்த எடத்துல இருந்திருந்தா என்ன சொல்லிருப்பேன்னு யோசிச்சு தூக்கம் கெட்டிருக்கேன்.

ஆனா அந்தக் கணக்குல ஒண்ணு விட்டுப்போகுது. ஏன் அடிச்சுக்கறான்னு தேடற வழி ரொம்ப நாளா இருக்கு. 1982லயே ஐவாட்டாங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஒரு பிள்ளை எந்தச் சூழ்நிலையில ஜாஸ்தியா அடிச்சுக்குதுன்னு வரிசையா மாத்தி மாத்தி வச்சுப் பாக்கற முறைய எழுதிட்டாங்க. ஒருத்தன் வேலை குடுத்தா அடிச்சுக்குவான், ஒருத்தி ஆள் திரும்பிப் பாக்கணும்னு, இன்னொருத்தன் தனியா இருக்கப்பவும். 1985ல கார், டுராண்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அடிச்சுக்கறதுக்குப் பதிலா வேணுங்கறத கேட்டு வாங்கக் கத்துக்குடுத்தா குறையுதுன்னு காட்டுனாங்க. அந்த அம்மாவோட பஸ் டிக்கெட்டும் அதே வேலையத்தான் பண்ணுச்சு. ஷாக்கு, ஸ்கேலு எது வேலை செஞ்சாலும் தேடறது நின்னுபோகும், சைபர் வந்துருச்சுல்ல, இனி யாரு டிக்கெட்ட பின்னாடி திருப்பிப் பாக்கப் போறா?

எல்லாத்துக்கும் காரணம் கெடைச்சுரும்னும் நான் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் தேடியும் பிடிபடாத பிள்ளை எங்கிட்ட இருந்திருக்கு. அதுக்கு ஹெல்மெட் போட்டோம், செவுத்துல பஞ்சு மெத்த அடிச்சோம், டாக்டர் பாத்து மாத்திரை குடுத்தாரு, மோதப் போறப்ப நடுவுல கைய வச்சு என் மணிக்கட்டே வீங்கிப்போச்சு. அது தடுக்கறது. வலிக்கட்டும்னு செய்யறது வேற. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் சித்திரவதையில இருந்தும் கொடூரமா நடத்தறதுல இருந்தும் காப்பாத்தணும்னுதான் சொல்லுது, கல்வி உரிமைச் சட்டம் ஸ்கூல்ல அடிக்கவே கூடாதுங்குது. சட்டத்துக்குப் பயந்து ஸ்கேல கீழ போட்டாலும் எனக்குச் சந்தோசம்தான்.

அந்தப் பையனுக்கு காது ஆறிப்போச்சு. காது படம் போட்ட ஒரு அட்டைய லேமினேட் பண்ணிக் குடுத்தோம், வலிச்சா எடுத்து நீட்டுவான், பஸ் மலை இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்கம்மா வாயில ஒரு புளிப்பு மிட்டாய் போட்டுருவாங்க, சப்பிக்கிட்டே எச்சி முழுங்குவான். இப்ப வளந்து பெரிய ஆளாயிட்டான். போன தேருக்கு பூம்பாறை போனப்ப கோயில் வாசல்ல அம்மாவும் மகனும் நின்னுட்டிருந்தாங்க, "டீச்சருக்கு வணக்கம் சொல்லுப்பா"ன்னு அந்தக்கா சொல்ல, நானும் சிரிச்சுக்கிட்டே அவன் தோளத் தொட கைய நீட்டினேன். வளையல் சத்தம் கேட்டதும் அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டான்.