கண்காட்சிக்குப் பிந்தி வந்த தண்ணீர்

அவையோரே, உலகக் கண்காட்சி என்றதும் லண்டனையும் பாரிஸையும் நினைக்கிறோம். நான் பேச வந்தது 1873இல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா நடத்திய கண்காட்சியைப் பற்றி.

மே 1 அன்று பிராட்டர் பூங்காவில் பேரரசர் பிரான்ஸ் யோசப் அதைத் திறந்துவைத்தார். நடுவில் எழுந்த ரொட்டுண்டா மண்டபத்தின் குவிமாடத்துக்கு 108 மீட்டர் விட்டம். உலகில் அன்று அதைவிடப் பெரிய குவிமாடம் கிடையாது. எந்திரங்கள் ஓடின, மெய்ஜி ஜப்பான் முதன்முறையாக அரசு சார்பில் கடை விரித்தது. இரண்டு கோடிப் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 70 லட்சத்துக்குச் சற்று மேல்.

மே 9இல் பங்குச் சந்தை சரிந்ததைத்தான் பலரும் முதற்காரணமாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கோடையில், கெட்ட தண்ணீர் வழியே பரவும் காலரா வந்தது. ஜூலையில் டோனாவ் விடுதியில் தங்கியிருந்த விருந்தினர்கள் நோயுற்று மடிந்தனர். அதன்பின் வெளியூரிலிருந்து யார் துணிந்து பெட்டி கட்டுவார்கள்? அந்த ஆண்டு நகரத்தில் ஏறத்தாழ 3,000 உயிர்கள் போயின.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஆபத்து எங்கே என்று அந்த நகரத்துக்கு முன்பே தெரியும். எட்வர்ட் சூஸ் என்ற நிலவியல் அறிஞர் வியன்னாவின் மண்ணடுக்குகளை ஆராய்ந்து, இடுகாடுகளிலிருந்து கசிகிற நீர் குடிநீர்க் கிணறுகளில் சேர்கிறது என்று 1862இலேயே எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, நகர மன்ற உறுப்பினராகி, ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊற்றுநீரைக் கொண்டுவரப் போராடினார். பம்பு எதுவும் வேண்டாம்; மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிவரும்படி 90 கி.மீ.க்கும் நீளமான கால்வாய். நகர மன்றம் 1864இல் ஒப்புக்கொண்டது. மண்வெட்டி நிலத்தில் பட்டதோ 1870இல்!

கண்காட்சிக்கான அத்தனை ஏற்பாடும் சுமார் மூன்றாண்டில் முடிந்ததை இதனருகே வைத்துப் பாருங்கள். அரண்மனையும் வணிகரும் விரும்பியதற்குப் பணமும் வேகமும் கிடைத்தன. குடிதண்ணீருக்கு வேலை தொடங்கவே ஆறாண்டு போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அக்டோபர் 24 அன்று ஷ்வார்சன்பெர்க் சதுக்கத்தின் நீரூற்றில் மலைநீர் பீறிட்டது. கண்காட்சி முடிய ஒரு வாரமளவே பாக்கி. அதன்பிறகும் வீடுவீடாகக் குழாய் போட ஆண்டுகள் ஆயின. அது முடிய முடிய, காலராவைப் போலவே தண்ணீரால் பரவும் டைபாய்டின் சாவுகள் வியன்னாவில் வெகுவாகக் குறைந்தன.