நேராக வரும் கல் நகராது

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஜூலை 25 அன்று '2019 ஓகே' என்ற சிறுகோள் பூமியைச் சுமார் 72,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோனது. நிலவுக்கு உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரேசிலின் சோனியர் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்ததோ முந்தின நாள்தான். பிறகு பழைய படங்களைத் துழாவியபோது, ஜூன் 28, ஜூலை 7 தேதிப் படங்களிலேயே அது பதிவாகியிருந்தது தெரிந்தது.

படத்தில் இருந்தும் ஏன் சிக்கவில்லை? தேடும் முறையிலேயே விடை இருக்கிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் நான்கு முறை எடுப்பார்கள். விண்மீன்கள் அசையாது, சிறுகோள் இடம் மாறும். அந்தப் புள்ளிகளைக் கணினி கோத்துப் பார்க்கும். நகர்வு வழக்கத்துக்கு மாறாக இருந்தால்தான் 'இது பக்கத்தில் இருக்கிறது' என்ற சந்தேகமே எழும்.

இரவில் நேர்ச்சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது பக்கவாட்டில் நகராது. மெல்ல மெல்லப் பிரகாசமாகும், அவ்வளவுதான். நம்மை நோக்கி வந்த இந்தக் கல்லும் ஜூலை 7 அன்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. நமக்கு ஆபத்தான திசைதான் மென்பொருளுக்குச் சப்பென்று தெரிகிற திசை. சரி, சந்தேகப்படத் தேவையான வேக வரம்பைத் தளர்த்தலாமே என்றால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மெதுவாக ஊரும் லட்சக்கணக்கான கற்களும் கேமராவில் தானாகத் தோன்றும் போலிப் புள்ளிகளும் வந்து குவியும். போதாக்குறைக்கு ஜூலை 16 பௌர்ணமி. மங்கலான புள்ளிகளை நிலவொளி விழுங்கிவிடும்.

கடைசி நாட்களில் சிக்கல் தலைகீழாகிறது. கல் கிட்டே வந்ததும் வேகமாக ஓடும். 30 விநாடிப் படத்திலேயே கோடாக இழுபடும். ஒரு புள்ளியில் சேர வேண்டிய ஒளி பல பிக்சல்களில் சிதறி மங்கிப்போகும்.

கண்டுபிடித்த பிறகும், தெரியும் ஒளியை வைத்து மட்டும் அளவு உறுதியாகாது. கரிய கல் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும்; வெளிர்க் கல் பல மடங்கு அனுப்பும். அதனால்தான் இதன் விட்டத்தை 57 முதல் 130 மீட்டர் வரை என்று சொல்ல வேண்டியிருந்தது.

சூரியன் பக்கமிருந்து வருவது இன்னும் மோசம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த கல் அப்படி வந்ததுதான். முன்கூட்டி எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. 2023 ஜூலையில் '2023 என்டி1' என்ற சிறுகோள் கடந்துபோய் இரண்டு நாள் கழித்தே கண்ணில் பட்டது. பகல் வானத்தில் தரைத் தொலைநோக்கி செய்வதற்கு ஒன்றுமில்லை. நாசா தயாரித்துவரும் நியோ சர்வேயர் என்ற விண்வெளித் தொலைநோக்கி, பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, கற்கள் வெளிவிடும் வெப்பத்தை அகச்சிவப்பில் பார்க்கப்போகிறது. கரிய கல்லும் வெயிலில் சூடேறத்தானே செய்யும்.