மேடனில் பந்தோடு ஓடுவது எப்படி? முதலில் ஆர்2-வை விடுங்கள்!

[திரையில்: ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) பந்தை வாங்கி நேராக ஓடி, தன் அணிக்காரர் முதுகிலேயே முட்டி விழுகிறார்]

அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமான மேடனைப் புதிதாக விளையாடும் பெரும்பாலானோரின் ஓட்டம் இப்படித்தான் முடிகிறது. பந்து கைக்கு வந்த நொடியே ஆர்2-வை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரைட் ஸ்டிக்கைக் கண்டபடி ஆட்டுகிறார்கள்.

பிளேஸ்டேஷனில் ஆர்2 என்பது ஸ்பிரிண்ட், அதாவது முழு வேக ஓட்டம். அதை அழுத்தியிருக்கும்வரை உங்கள் ஆள் சட்டென்று திரும்ப மாட்டார். ஜூக் (பக்கவாட்டில் வெட்டி விலகுவது) செய்தாலும் கால் வெட்டாது. அதனால் எதிரணியை மறித்து பிளாக் செய்கிற உங்கள் அணிக்காரர்களுக்குப் பின்னால் இருக்கும்போது விரலை எடுத்துவிடுங்கள். எதிரே வெட்டவெளி தெரிந்தபிறகு அழுத்தினால் போதும்.

[திரையில்: அதே ஆட்டம், ஸ்பிரிண்ட் இல்லாமல். இடைவெளி திறந்ததும் வேகம்]

சரி, இப்போது எதிரே ஒருவர் வருகிறார். எந்த மூவ்? அவர் எந்தக் கோணத்தில் வருகிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

நேர் எதிரே, இரண்டு மூன்று எட்டு தள்ளி நிற்கிறாரா? ரைட் ஸ்டிக்கை இடமோ வலமோ தள்ளுங்கள், அதுதான் ஜூக். மூக்குக்கு முன்னால் வந்தபிறகு செய்தால் அவர் கைக்குள்ளேயே போய் விழுவீர்கள். ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் டெட் லெக்: ஒரு கணம் தயங்குவது போல் காட்டி ஏமாற்றுவது. சாய்வாகப் பாய்ந்து வருகிறவருக்கு வட்டப் பட்டன், அதாவது ஸ்பின், ஒரு சுற்றுச் சுற்றி விலகுவது.

பக்கவாட்டில் துரத்தி வருகிறவருக்கு ஸ்டிஃப் ஆர்ம், கையை நீட்டித் தள்ளிவிடுவது. பிளேஸ்டேஷனில் எக்ஸ், எக்ஸ்பாக்ஸில் ஏ. ஒரு கன்சோலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கே கவனம்: எக்ஸ்பாக்ஸில் எக்ஸை அழுத்தினால் ஆள் தரையில் டைவ் அடித்துவிடுவார்! 2020 அக்டோபரில் ஒரு நிஜ ஆட்டத்தில் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி, பஃபலோ பில்ஸ் அணியின் ஜாஷ் நார்மனை ஒரே கையால் தள்ளி எறிந்தாரே, அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். மூவ் எப்படி இருக்க வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

ரைட் ஸ்டிக்கை மேலே தள்ளினால் ட்ரக், நேராக முட்டி மோதுவது. மேடன் 06-இல் வந்த இந்த வசதி இன்றும் பலருக்குச் செல்லம். ஆனால் ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ட்ரக்கிங், ஜூக், ஸ்பின், ஸ்டிஃப் ஆர்ம் என்று தனித்தனி மதிப்பெண் உண்டு. ட்ரக்கிங் குறைந்த ஒல்லியான ஆளை லைன்பேக்கர்மேல் (எதிரணியின் தடுப்பாட்டக்காரர்) மோதவிட்டால், அவர் விழுவதோடு பந்தும் கையை விட்டுப் போகலாம்.

[திரையில்: ஹர்டில், மெதுவான வேகத்தில்]

அப்புறம் ஹர்டில், ஆளைத் தாண்டிக் குதிப்பது; முக்கோணப் பட்டன். எல்லாருக்கும் பிடித்தது, எல்லாரும் தப்பான நேரத்தில் செய்வதும் இதுதான். காலைப் பிடிக்கக் குனிந்து பாய்கிறவர்மேல்தான் தாண்ட வேண்டும். நிமிர்ந்து நிற்பவரை நோக்கித் தாண்டினால் காற்றிலேயே அடி வாங்குவீர்கள்.

2024 நவம்பரில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிராக ஈகிள்ஸ் அணியின் சாக்வான் பார்க்லி ஒருவரைப் பின்புறமாகவே தாண்டினார். மேடன் 26-இன் அட்டையில் இருப்பது அந்தத் தாண்டல்தான். அந்த ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். சின்ன பாஸைப் பிடிக்கிறார், ஒருவரை வெட்டி விலகுகிறார், அடுத்து ஒரு ஸ்பின், கடைசியில்தான் ஹர்டில். எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மூவ். ஸ்டிக்கைச் சும்மா சுழற்றுகிறவர்களுக்கு இது வராது. ஒரு மூவ் முடிந்து கால் நிலைக்கு வருவதற்குள் அடுத்ததை அழுத்தினால் வேகம்தான் போகும்.

இனி ஆர்1. பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளும் பட்டன். வேகம் குறையும், ஆனால் ஃபம்பிள் ஆகும், அதாவது பந்து கைநழுவும் ஆபத்தும் குறையும். கடைசிப் பகுதியான நான்காவது குவார்ட்டரில் முன்னிலையில் இருக்கிறீர்கள், இரண்டு மூன்று பேர் சூழ்ந்துவிட்டார்கள் என்றால் ஜூக், ஸ்பின் எதுவும் வேண்டாம். ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்துவிடுங்கள்.