நிற்கிற லாரியில் ஓடுகிற கரண்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

"பேட்டரி புதுசுங்க, மாசம் ஒண்ணுகூட ஆகல. ரெண்டு நாள் வண்டி நின்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." லாரி எலெக்ட்ரிக்கல் வேலையில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. இதற்காகப் பேட்டரியை மறுபடி மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு. முதலில் பேட்டரியைக் குற்றமற்றது என்று விடுவிக்க வழி இருக்கிறது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஓர் இரவு விடுங்கள். 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி ஜோடியாக இருக்கும். காலையில் அந்த இரண்டும் தனித்தனியே 12.6 வோல்ட் அளவில் நின்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. வண்டிதான் குடிக்கிறது.

எவ்வளவு குடிக்கும்? 1 ஆம்பியர் சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு அது 24 ஆம்பியர் அவர், அதாவது 1 ஆம்பியர் 24 மணி நேரம் ஓடிய கணக்கு. 150 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றே நாளில் கிட்டத்தட்டப் பாதி காலி.

இதை, ஒயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வியே கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரில் பார்ப்பதுதான் நல்லது. மல்டிமீட்டரைப் பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் சேர்த்துவிட்டு யாராவது மறந்து சாவியைத் திருப்பினால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கழற்றிய ஒயரை மறுபடி மாட்டி, கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது காத்திருங்கள். இன்றைய வண்டிகளில் ஈசியூக்கள் (வண்டியைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்கள்) தூங்கப் போக நேரம் எடுக்கும். அதுவரை மீட்டர் காட்டும் ஆம்பியரை நம்பவே கூடாது.

அப்புறமும் கரண்ட் இறங்கவில்லையா? ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கிய ஈசியூ விழித்துக்கொள்ளும், கணக்கு குழம்பும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு முனைகளிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் இல்லை. ஏதோ ஓர் எண் நின்றால், அந்த லைனைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

ஒரு வண்டியில் எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனால் கிளாம்பில் மட்டும் 1.8 ஆம்பியர். இரவு முழுக்க நின்ற வண்டி. இன்ஜின் பிளாக் ஜில்லென்று இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் கை வைத்தேன், இளஞ்சூடு! உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டையோடு கசிந்து, பேட்டரி கரண்ட் பின்வாசல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போவதால், கேபின் ஃபியூஸ் பெட்டியில் எத்தனை நாள் தேடினாலும் கிடைத்திருக்காது.

இன்னொன்று, இது என்னை வருத்தப்படுத்துவது. 24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பட்டினி. பக்கத்துப் பேட்டரிக்கோ சார்ஜ் மிஞ்சித் தண்ணீர் வற்றும். ஜோடியே சீக்கிரம் போகும். 24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் ஒரு கன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது. பேட்டரி லைனைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தும் பேட்டரி இறங்கினால், பின்னாளில் மாட்டிய ஜிபிஎஸ் சுவிட்சுக்கு முன்னாலேயே, நேராகப் பேட்டரியில் கோத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த ஆல்டர்னேட்டரில் டையோடு செட்டை மாற்றி மறுபடி கிளாம்ப் போட்டேன். 0.04 ஆம்பியர். மூன்று நாள் நிறுத்திவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார் டிரைவர். முதல் சுற்றிலேயே எடுத்தது.

நன்றி, வணக்கம்.