தொரப்பள்ளியிலிருந்து போனவர்

தருமபுரி, கிருஷ்ணகிரி நேயர்களுக்கு வணக்கம். வரப்புத் தகராறில் ஊர்ப் பெரியவர்கள் கூடினால் முதல் கேள்வி என்ன? "யாருப்பா முதல்ல கை வெச்சது?" அணுகுண்டு விஷயத்திலும் கேள்வி அதுதான். ஆனால் குண்டு விழுந்த பிறகு கேட்க அங்கே ஊரே இருக்காது. முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். "முதலில் போடமாட்டோம்" என்று இந்தியா கொடுத்திருக்கும் வாக்கைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில், ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவேன். ராஜாஜி பிறந்த வீடு. ஒருமுறை ஒரு மாணவி வாசற்படியில் நின்றுகொண்டு, "சார், இந்தச் சின்ன ஊர்க்காரரா அமெரிக்கா போய்ப் பேசினார்?" என்று கேட்டாள். ஆமாம், இந்த ஊர்க்காரர்தான். 1962 செப்டம்பரில் போனார். வயது 83. கையில் எந்தப் பதவியும் இல்லை. காந்தி அமைதி நிறுவனக் குழுவோடு வாஷிங்டன் போய், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடம் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். நம் வீட்டுத் தாத்தாவை அந்த வயதில் சேலத்துக்குத் தனியாக அனுப்புவோமா, சொல்லுங்கள்!

அடுத்த மாதமே கியூபா நெருக்கடி; அங்கே சோவியத் வைத்த ஏவுகணைகளால் அணு யுத்தமே மூளும் நிலை. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் மாஸ்கோவில் கையெழுத்துப் போட்டன: காற்றில், நீருக்கடியில், விண்வெளியில் சோதனை கூடாது. ராஜாஜியால்தான் அது வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் போய்க் கேட்டார். எனக்கு அதுதான் பெரிது. பூமிக்கடியில் மட்டும் தடை இல்லை; பொக்ரானில் 1974-லும் 1998-லும் நாம் வெடித்தது அங்கேதான்.

சரி, நாம் கொடுத்த வாக்குக்கு வருகிறேன். "முதலில் நாங்கள் போடமாட்டோம்" என்று 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்தது. சீனா 1964 முதல் சொல்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. நாம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். நிதானிக்க நேரம் கிடைக்கும், அதற்காக. 1983-இல் சோவியத் கணினி, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்ட வெயிலைத்தான் அது அப்படிக் காட்டியிருக்கிறது! பெத்ரோவ் என்ற அதிகாரி பதறாமல், பொய்த் தகவல் என்று மேலே சொன்னார்.

அப்புறம் ரசாயன ஆயுதம், கிருமி ஆயுதம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது. ஒன்று மட்டும். அவற்றால் நம்மைத் தாக்கினால் அணுகுண்டால் பதிலடி கொடுக்கலாம் என்று அதே 2003 அறிவிப்பில் ஒரு விலக்கு இருக்கிறது. நம்மிடம் இருந்த ரசாயன ஆயுதங்களை 2009-இல் முழுதுமாக அழித்துவிட்டோம். அந்த விலக்கையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வணக்கம்.