முழங்காலுக்கு ஒரு ஊசி

நேயர்களுக்கு வணக்கம். மூட்டுவலிக்கு வந்திருக்கும் புது ஊசிகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பி.ஆர்.பி., ஸ்டெம் செல் என்று பேருந்தின் முதுகில்கூட விளம்பரம் ஓடுகிறதே, அவைதான். எலும்பு மூட்டு மருத்துவனான என்னிடம் ஊசி எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஊசி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆட்டுக்கால் சூப் வைக்கிற வீடாக இருந்தால் எலும்பின் முனையைக் கவனித்திருப்பீர்கள். லேசான நீலம் கலந்த வெள்ளையில், வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் அதேதான், சில மில்லிமீட்டர் கனம். பேச்சில் ஜவ்வு என்று சொல்லிவிடுகிறோம். இடையில் ஒன்று: சூப் குடித்தால் அது நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் மற்ற சாப்பாட்டைப் போலத்தான் செரிக்கும். ருசிக்காகக் குடியுங்கள், நான் தடுக்கவில்லை.

இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. விரலில் அரிவாள்மனை பட்டால் ரத்தம் வருகிறது, உறைகிறது, அந்த ரத்தத்தோடு வருகிறவைதான் காயத்தை ஆற்றுகின்றன. ரத்தமே எட்டாத இடத்தில் அந்த வேலையை யார் செய்வது? லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதிவிட்டார், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று. அவர் சொன்னதைப் பொய்யாக்கத்தான் இன்றைக்கு இத்தனை ஊசிகளும்.

சரி, பி.ஆர்.பி. என்றால் என்ன? உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். சிவப்பணுக்கள் கீழே தங்கும். மேலே மஞ்சளாக நிற்கும் திரவத்தில் பிளேட்லெட் செறிந்திருக்கும். டெங்கு வந்தால் எத்தனை இருக்கிறது என்று பயந்து பயந்து பார்ப்போமே, அந்த பிளேட்லெட்தான். காயம் ஆற உதவும் சில புரதங்கள் அதில் இருக்கின்றன. ரத்தம் போகாத இடத்துக்கு நாமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதுதான் யோசனை. யோசனையில் தப்பில்லை.

போட்டுக்கொண்டவர்கள் வந்து சொல்வார்கள்: "டாக்டர், ஊசி நல்லாக் கேட்டுச்சு, ஜவ்வு வளர்ந்திருச்சு போல." வலி குறைந்தது என்றால் நம்புகிறேன். ஆனால் வலி குறைந்தது வேறு, ஜவ்வு வளர்ந்தது வேறு. இதை இன்னும் இரண்டு தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று வீட்டில் புகார் உண்டு. ஆஸ்திரேலியாவில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன, முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு பி.ஆர்.பி., மறுபாதிக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. அதற்காக எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள், உப்புநீர் போடப் போகிறவர்களிடமும்! சிரிஞ்சையும் மறைத்துவிட்டார்கள், உள்ளே இருப்பது மஞ்சளா நிறமில்லாததா என்று தெரியாதபடி. ஓராண்டு கழித்துக் கேட்டார்கள், பத்துக்கு உங்கள் வலி எவ்வளவு என்று. பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு? 1.8. பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஸ்கேனில் பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் குருத்தெலும்பு சற்றுத் தேய்ந்துதான் இருந்தது, வளரவில்லை. 2021-ல் இந்த முடிவு வெளிவந்தது.

உப்புநீருக்கு எப்படி வலி குறையும் என்று கேட்பீர்கள். நாம் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. தேய்மான வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் எந்த ஊசி போட்டாலும் அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பெயர் ஊசிக்குப் போய்விடும். அதோடு, நமக்கு ஏதோ செய்கிறார்கள் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். அது நடிப்பு அல்ல, நிஜமாகவே குறையும். ஆனால் வலி குறைந்தது வேறு, ஜவ்வு வளர்ந்தது வேறு.

பி.ஆர்.பி. போடும் மருத்துவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. மூட்டு வழவழப்பாக இருக்கப் போடும் ஜெல் ஊசியைவிடப் பரவாயில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஜவ்வு முளைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்டெம் செல்லுக்கு வருவோம். வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்தான் அது. அமெரிக்காவில் 475 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என்று மூன்று வகைச் செல்களையும் வீக்கத்தையும் வலியையும் தணிக்கப் போடும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. விலை வித்தியாசத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில், பெங்களூரில் உருவான ஒரு ஸ்டெம் செல் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானத்தை நான்கு நிலையாகப் பிரிப்போம்; அது இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு. எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலைக்கு அல்ல. ஆகவே யாராவது ஸ்டெம் செல் என்றால், என்ன மருந்து, அனுமதி இருக்கிறதா, என் எக்ஸ்ரேயில் எத்தனையாம் நிலை என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் குருத்தெலும்பு வளரவே வளராதா? வளர்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே கொஞ்சம் செல் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அறுவை செய்து பள்ளத்தில் வைத்தார்கள். 1994-ல் 23 பேரைப் பற்றி எழுதினார்கள். தொடையெலும்பு முனையில் சேதம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். ஆனால் அவர்களுக்கு வயது 14 முதல் 48. ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தவர்கள். மூட்டு முழுவதும் தேய்ந்த 65 வயதுக்காரருக்கு அது பொருந்தாது. மூன்றாவது தடவை: வலி குறைந்தது வேறு, ஜவ்வு வளர்ந்தது வேறு. அந்த ஸ்வீடன்காரர்கள் மூட்டுக்குள் கருவியை விட்டு, வளர்ந்ததா என்று கண்ணால் பார்த்தார்கள். அதனால்தான் எனக்கு அவர்களிடம் மரியாதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. உடற்பயிற்சி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். இரண்டு காலுக்கும், தினமும். உடல் பருமன் உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ சுமை குறையும்.

அப்புறம், முடக்குவாதம். காலையில் எழுந்தால் அரைமணி, ஒருமணி நேரம் விரல் மடங்காமல் விறைப்பாக இருந்து, இரண்டு கையிலும் விரல் மூட்டு வீங்கினால், அது தேய்மானமாக இருக்காது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோயாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளைச் சீக்கிரம் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். இந்த ஊசிகளைத் தேடிப் போகாமல் நேராக வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.